ஒன்பது மணி ஆகட்டும்

பெப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. அக்கா மகளுக்கு மறுநாள் கொழும்பில் வேலைக்கான நேர்முகப் பரீட்சை. பை கட்டியாகிவிட்டது, திருநீறு பூசியாகிவிட்டது, சப்பாத்துக்கூட மாட்டியாகிவிட்டது. ஆனால் யாரும் இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, விட்டு இறங்கவில்லை. அம்மா கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறார். 8.57. "ஒம்பது ஆகட்டும் தம்பி, ராவு காலம் முடியட்டும்" என்கிறார் ஆட்டோக்காரப் பையனிடம். அவன் மறுபேச்சில்லாமல் எஞ்சினை நிறுத்துகிறான். அவன் வீட்டிலும் இதே கதைதானே. 8.59. இந்த ஒரு நிமிடத்துக்குள் பூனை எதுவும் குறுக்கே வந்துவிடக் கூடாது. 9.00 என்று எண் மாறியதும் எல்லோரும் ஒன்றாக எழுந்து, பையை இழுத்து, பிள்ளையை ஏற்றி, கையசைத்து அனுப்பியாயிற்று.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைய பயணமே நின்றிருக்கும். ஏனென்றால் ஒன்பது மணிக்கு ராகு காலம் முடியவில்லை.

ராகு காலத்தின் கணக்கு சூரியனை வைத்துப் போட்டது. சூரியன் உதித்து மறையும் வரையுள்ள பகலை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். திங்களுக்கு இரண்டாம் பங்கு. "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருப்போம்: தி திங்கள், ச சனி, வெ வெள்ளி, இப்படியே ஞாயிறு வரை. காலை 6க்கு உதயம், மாலை 6க்கு மறைவு என்று எடுத்துக்கொண்டால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். திங்களுக்கு 7.30 முதல் 9.00. நாட்காட்டியில் அச்சாகி வருவது இந்தக் கணக்குத்தான்.

ஆனால் சூரியன் நாட்காட்டியைப் பார்த்து உதிப்பதில்லை. பெப்ரவரித் தொடக்கத்தில் ஹற்றன் பக்கம் உதயம் ஏறத்தாழ 6.22, மறைவு ஏறத்தாழ 6.14. அந்தப் பகலை எட்டாக வகுத்தால் ஒரு பங்கு 89 நிமிடம். இரண்டாம் பங்கு 7.51 அளவில் தொடங்கி 9.20 அளவில்தான் முடியும். எண் மாறுவதற்காக அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, ராகு இன்னும் 20 நிமிடம் பாக்கி வைத்திருக்கும்போது பிள்ளையை வண்டி ஏற்றியிருக்கிறோம். அதோடு 7.30க்கும் 7.51க்கும் இடையில் கிடைத்த நல்ல நேரத்தை வீணாக இஸ்தோப்பில் உட்கார்ந்து கழித்திருக்கிறோம்.

ராகு காலத்தை நம்பலாமா கூடாதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. கணக்குத் தெரிந்த சோதிடர்கள் உதயம் பார்த்துத்தான் குறிப்பார்கள் என்பதும் தெரியும். எனக்கு வியப்பாக இருப்பது வேறு. சூரியனுக்குக் கட்டுப்பட்ட ஒரு நம்பிக்கை, எப்போது கடிகாரத்தின் எண்ணுக்குக் கட்டுப்பட்டது? 8.59 கெட்டது, 9.00 நல்லது என்று கைகாலெல்லாம் நம்பும் அளவுக்கு அந்த எண்ணுக்கு யார் இத்தனை அதிகாரம் கொடுத்தது?

இந்த எண்கள் நம் மண்ணின் சூரியனோடு என்றைக்குமே முழுதாக ஒத்துப்போனதும் கிடையாது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய நேரத்தை இலங்கை எடுத்துக்கொண்டது 1906இல். அதற்குமுன் தீவின் சொந்த உச்சிப்பொழுதை ஒட்டிய நேரம்தான் இருந்தது. ஐந்தரை மணி என்பது கிழக்கு நெடுங்கோடு 82½ பாகைக்கு உரிய நேரம். அந்தக் கோடு இந்தியாவின் மேல் போகிறது. இலங்கை மண்ணைத் தொடவே தொடாது, நமக்குக் கிழக்கே கடலில் இறங்கிவிடுகிறது. அதனால் ஹற்றனில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.08 அளவில். நம் பன்னிரண்டு மணி என்பது கடலில் எங்கோ நிற்கும் ஒரு படகுக்காரனின் நண்பகல்.

எண்ணுக்குப் பணியும் இந்தக் குணம் ராகு காலத்தோடு நிற்பதாக இருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் நேரங்களை அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் சேர்த்துப் பார்த்தார்கள். மரதன் ஓட்டத்தை முடித்தவர்களின் ஏறத்தாழ ஒரு கோடி நேரப் பதிவுகள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில், 3 மணி, 3½ மணி, 4 மணி என்ற வட்ட எண்களுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிந்து கிடந்தார்கள். தாண்டியதும் கூட்டம் சட்டென்று குறைந்தது. 3.59க்கும் 4.01க்கும் இடையே உடலுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பதக்கமும் கிடையாது, பரிசும் கிடையாது. ஆனாலும் கடைசி மைலில், கால் இழுக்கும் நேரத்தில், அந்த எண்ணுக்காக உயிரைக் கொடுத்து ஓடியிருக்கிறார்கள். ஓடித் தோற்றவர்கள் அந்த இரண்டு நிமிடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வருத்தப்பட்டிருப்பார்கள்.

மணி என்பது ஓடிக்கொண்டே இருப்பது. அதற்கு விளிம்பு கிடையாது. விளிம்பை வைப்பது நாம்தான். வைத்த பிறகு அதன் முன்னால் தயங்குவதும், தாண்டியபின் தளர்வதும் நாம்தான். ஆறு மணிக்கு எழ வேண்டியவர் 6.04க்குக் கண் விழித்தால், "சரி, ஆறு போச்சு, ஆறரைக்கு எழும்புவோம்" என்று மறுபடி போர்த்திக்கொள்வதை வேறு எப்படி விளங்கிக்கொள்வது? நான்கு நிமிடம் பிந்தியதற்குத் தண்டனையாக இருபத்தாறு நிமிடத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிறார். குளிரும் ஒரு காரணம், அதை ஒத்துக்கொள்கிறேன். நுவரெலியாப் பக்கம் ஜனவரியில் எழுந்து பார்த்தவருக்குத் தெரியும்.

ஆனால் மலைநாட்டில் இந்த விளிம்புக்கு இன்னொரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல், "மனித மனம் இப்படித்தான்" என்று கடந்துபோவது நியாயமாக இருக்காது.

என் அப்பாயிக்கு மணி பார்க்கத் தெரியாது. அவர் காலத்தில் விடியற்காலையில் தப்பு அடித்து லயத்தை எழுப்புவார்கள். பிறகு தோட்டங்களில் சங்கு வந்தது. அதற்கிடையே அவருக்கென்று சில கடிகாரங்கள் இருந்தன. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மெயில் வண்டி கூவினால் அடுப்பு மூட்ட வேண்டும். எதிர் மலையின் நிழல் வாய்க்கால் வரை இறங்கினால் பிள்ளைகள் பாடசாலையில் இருந்து வருவார்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூட்டம் போட்டு நிழலே விழாது. வண்டியும் மண்சரிவால் பிந்தும். அப்போது அப்பாயியின் சோறும் பிந்தும். அதற்காக யாரும் அவரைக் கோபித்ததில்லை. வண்டி வரவில்லையே, என்ன செய்வது.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில் அந்தத் தாராளம் கிடையாது. கணக்கப்பிள்ளையின் கையில் கடிகாரம் இருந்தது. பெரட்டுக்குப் பிந்தினால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய காலம் உண்டு. தோட்டத்தில் நாளை அளக்கும் சொல்லே "பேர்". செக்றோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அந்த நாள் நடந்த நாள். பாதிதான் என்றால் "அரைப்பேர்". முக்கால் பேர் என்று ஒன்று கிடையாது. எட்டில் ஏழு பங்கு வேலை செய்தாலும் விளிம்புக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டால் அரைதான். நிறுவையிலும் அதே கதை. நாளுக்கு 18 கிலோ என்று வைத்திருக்கும் தோட்டத்தில், கொழுந்து மடுவத்துத் தராசு 17இல் நின்றால் பேர் அரையாகும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகு நிற்கும் 17 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021இல் வந்தபோது, அந்தக் கடைசி ஒரு கிலோவின் விலை 500 ரூபாயாக இருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் ஐந்து நிமிடத்துக்காகப் பதறுவது மடமை ஆகாது. விளிம்பு மனத்தில் மட்டும் இல்லை. கூலியிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு எழுந்து, ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஏற்றத்தில் ஓடும் ஒரு தாய்க்கு 6.29உம் 6.31உம் ஒன்றே என்று யாராவது போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பெரட்டுக்களத்தை விட்டு வந்த பிறகும் அந்தப் பதற்றம் கூடவே வருவதில்தான். என் மாமா ஒருவர் கொழும்பில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு மேலே யாரும் இல்லை, கடையைத் திறக்கும் நேரத்தை அவரே முடிவு செய்யலாம். ஆனால் 7 மணிக்கு ஷட்டரைத் தூக்காவிட்டால் அன்றைக்கு நாளே போய்விட்டது என்பார். 7.10க்குத் திறந்தால் மத்தியானம் வரை முகம் தெளியாது. "முதல் வியாபாரம் போயிருக்கும் மாப்பிள்ளை" என்பார். முதல் வியாபாரம் பெரும்பாலும் ஒரு பாண் வாங்க வரும் பக்கத்து வீட்டுப் பாட்டிதான். அவர் எப்படியும் திரும்ப வருவார். மாமாவின் மனத்தில் இன்னும் ஒரு செக்றோல் திறந்தே கிடக்கிறது.

தேயிலைக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு நம் மலைகளோடு முடிவதில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் இந்தியாவின் பொது நேரத்தை விட ஒரு மணி நேரம் முந்திய "தோட்ட நேரம்" புழங்கி வருகிறது. அங்கே சூரியன் சீக்கிரம் உதிக்கும். வெளிச்சத்தை வீணாக்காமல் ஆட்களை மலைக்கு அனுப்ப வேண்டும். அதற்காக "ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள்" என்று சொல்லவில்லை. கடிகாரத்தையே தள்ளி வைத்தார்கள். எட்டு மணி வேலை எட்டு மணியாகவே இருக்கும், ஆட்கள் மட்டும் முன்னதாக வந்துவிடுவார்கள்.

இதையே ஒரு முழு நாட்டுக்கும் செய்ததை நாங்கள் நேரில் பார்த்தோம். அதுவும் எங்கள் ஊர்த் தண்ணீர் வற்றியதால்.

1996இல் மழை பொய்த்தது. அப்போது நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீரை நம்பியே இருந்தது. காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை என்று மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் இறங்கினால் கொழும்பில் விளக்கு அணையும். மவுசாக்கலையில் நீர் நன்றாக இறங்கும்போது, அணை கட்டியதில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும். அதைப் பார்க்க ஆட்கள் கிளம்பிப் போவார்கள். அந்த வறட்சி ஆண்டில் மே 25ஆம் திகதி, அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. மாலையில் வெளிச்சம் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கும், விளக்குப் போடுவது பிந்தும் என்பது கணக்கு. புதிய யோசனையும் இல்லை. 1916இல் முதல் உலகப் போரின் நடுவே ஜெர்மனி தொடங்கி வைத்தது. 1942இல் இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையிலும் கடிகாரத்தை இரண்டு தடவையாக, மொத்தம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, 1945இல் திருப்பி வைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் அடியில் இருப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "நாளையிலிருந்து எல்லோரும் ஒரு மணி நேரம் முந்தி எழும்புங்கள், முந்திச் சாப்பிடுங்கள், முந்தி விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்" என்று வானொலியில் அறிவித்தால் எத்தனை பேர் கேட்டிருப்போம்? என் வீட்டில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எண்ணை மாற்றிய அன்றே நாடு முழுவதும் முந்தி எழுந்தது. மனிதர்கள் சூரியனைப் பார்த்து நடப்பவர்களாக இருந்தால் இந்தத் திட்டம் முதல் நாளே படுத்திருக்கும். நாம் எண்ணைப் பார்த்து நடப்பவர்கள் என்பதை அரசாங்கம் மிகச் சரியாக அறிந்து வைத்திருந்தது.

அந்த ஜூன் மாதத்தில் ஹற்றன் பக்கம் சூரியன் உதித்தது புதிய நேரப்படி 6.50 அளவில். உச்சிக்கு வந்தது ஒரு மணியைத் தாண்டி. இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் பாடசாலைக்கு நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. தேயிலைச் செடிகளுக்குள் ஏதாவது அசைந்தால் எல்லோரும் ஓட்டம்தான். ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணி அப்படியே பத்து ஆண்டுகள் நின்றது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, பழைய ஐந்தரைக்கே வந்து சேர்ந்தோம்.

அந்தப் பத்து ஆண்டுகள் ஒரு பெரிய சோதனைக்கூடம். யாரிடம் நேரம் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி வரும்: "பழசா, புதுசா?" பஸ் புதிய நேரத்தில் ஓடும். அப்பாயியின் விரதம் பழைய நேரத்தில் முடியும். ராகு காலம்? அங்கேதான் வேடிக்கை. சூரியக் கணக்கு என்பதால் ராகு பழைய நேரத்தோடு நிற்க வேண்டும். புதிய கடிகாரத்தில் திங்கட்கிழமைக்கு 8.00 முதல் 9.30 என்று அரை மணி தள்ளிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். சிலர் 7.30ஐ விடவே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பயந்த என் பெரியம்மா 7.30 முதல் 9.30 வரை இரண்டு மணி நேரத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டார். வாரத்துக்கு மூன்றரை மணி நேரம் கூடுதலாக ராகுவுக்குப் போனது.

வடக்கில் இது அரசியலாகவே ஆகியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் புதிய நேரத்தை ஏற்கவில்லை. பழைய நேரமே தொடர்ந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்தபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து வடக்கே போகிறவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னே திருப்பிக்கொண்டார்கள். ஒரே சூரியனுக்குக் கீழே, ஒரே வீதியில், ஒரு காவலரணுக்கு இந்தப் பக்கம் ஆறரை, அந்தப் பக்கம் ஆறு.

கடிகாரத்தைப் போலவே கிழமையையும் ஒருதடவை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டு, நிலவின் கால்வட்டத்துக்கு ஒரு போயா, அதாவது பௌத்தர்களின் புனித நாள், என்று விடுமுறை வைத்தார்கள். நிலவு ஏழாய்ச் சீராக வகுபடாது. அதனால் வாரம் சிலசமயம் ஆறு நாள், சிலசமயம் எட்டு நாள். வெளிநாட்டு வங்கிகளோடும் கப்பல்களோடும் கொடுக்கல் வாங்கல் குழம்பியது. கடைசியில் ஞாயிறு திரும்பி வந்தது. அன்றைக்கு வேலை செய்தவர்களிடம் கேட்டால், எட்டு நாள் வாரத்தின் கடைசி நாள் மற்ற எந்த நாளையும் விட நீளம் என்பார்கள். நாளின் நீளம் மாறவில்லை, விளிம்பு தள்ளிப்போனதுதான்.

இதெல்லாம் வெளிப் பழக்கம், உள்ளே உடம்புக்கு அதன் சொந்தக் கடிகாரம் இருக்கிறது என்று நினைக்கலாம். இருக்கிறது. ஆனால் அதுவும் சுவரைப் பார்க்கிறது. 1968இல் கொலம்பியா பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஸ்டான்லி ஷாக்டரும் லாரி குரோஸும் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். வந்தவர்களின் கைக்கடிகாரத்தைக் கழற்ற வைத்து, சுவர்க் கடிகாரத்தின் வேகத்தைத் திருத்திவிட்டார்கள். உண்மையான நேரம் 5.35. சிலருக்குச் சுவரில் 5.20, சிலருக்கு 6.05, இராச்சாப்பாட்டு நேரம். பிஸ்கட்டை முன்னால் வைத்துவிட்டு எவ்வளவு தின்கிறார்கள் என்று பார்த்தார்கள். பருமனானவர்கள் 6.05 என்று நம்பியபோது ஏறத்தாழ இரண்டு மடங்கு தின்றார்கள். மற்றவர்கள் அதே 6.05ஐப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்கள், இப்போது தின்றால் சாப்பாடு கெட்டுவிடும் என்று. பருமனைப் பற்றி ஷாக்டர் சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் இரண்டு கூட்டமுமே வயிற்றைக் கேட்காமல் சுவரைக் கேட்டது.

அதைவிட ஆச்சரியம் 2016இல் வந்தது. ஹார்வர்டில் எலன் லாங்கரும் அவருடைய குழுவும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 46 பேரை 90 நிமிடம் கணினி விளையாட்டில் உட்கார வைத்தார்கள். மேசையில் இருந்த கடிகாரம் சிலருக்குச் சரியாக ஓடியது, சிலருக்கு அரை வேகம், சிலருக்கு இரட்டை வேகம். இரத்தச் சர்க்கரை இறங்கியது, கடிகாரம் காட்டிய நேரத்தை ஒட்டி. நேரம் அதிகம் போய்விட்டதாக நம்பியவர்களுக்கு அதிகம் இறங்கியது. சின்ன ஆய்வுதான், இதை நம்பி யாரும் மருந்து நேரத்தை மாற்றிவிடக் கூடாது. ஆனால் "பத்து மணித் தேத்தண்ணி" குடிக்காவிட்டால் பத்தேகாலுக்குத் தலை இடிக்கிறது என்று அம்மா சொல்லும்போது, இனிமேல் நான் சிரிக்கப் போவதில்லை. மலையில் கொழுந்து பறித்த முப்பது வருடமும் பத்து மணிக்கு அவருக்குத் தேத்தண்ணி வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு பத்துக்குக் கையை நீட்டுகிறது. கடிகாரம் நின்றுபோன ஒரு நாளில் பதினொன்றரை வரை தலை இடிக்கவே இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கடிகாரத்தைப் பார்த்து வேலையை மாற்றுகிறவர்கள், ஒன்று முடிந்ததும் அடுத்ததுக்குப் போகிறவர்கள் என்று மனிதர்களை இரண்டாகப் பார்த்தார்கள் தமர் அவ்னெட், ஆன்-லோர் செலியே என்ற இரு ஆய்வாளர்கள். 2014இல் அவர்கள் எழுதியதில் ஒரு செய்தி எனக்குப் பிடித்துப்போனது. கடிகாரக்காரர்கள், தங்கள் வாழ்க்கையைத் தற்செயலோ விதியோ நடத்துகிறது என்று மற்றவர்களைவிடக் கூடுதலாக நம்பினார்களாம். அம்மாவின் கைபேசியும் ராகு காலமும் அப்படி ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை போலிருக்கிறது.

ஆனால் நம் ஆட்கள் எல்லா எண்ணுக்கும் பணிவதும் கிடையாது. கலியாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். "காலை 9.12 முதல் 10.24 வரையுள்ள சுபமுகூர்த்தத்தில்" என்று நிமிடம் பிசகாமல் இருக்கும். தாலி அந்த நேரத்துக்குள் ஏறியும் விடும். விருந்தினர் வருவது பன்னிரண்டுக்கு. அதே ஊரில், "பி.ப. 3 மணிக்குச் சரியாக" என்று அச்சிட்ட கூட்டம் நாலரைக்குத்தான் தொடங்கும். "சரியாக" என்ற சொல்லைச் சேர்ப்பதே, சேர்க்காவிட்டால் ஐந்தரை ஆகும் என்பதால். மூன்று மணிக்கு வந்தவன் வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்; அடுத்த தடவை அவனும் நாலரைக்கு வருவான். சோம்பேறித்தனம் என்று மேடையில் திட்டுவார்கள். எல்லோரும் பிந்துவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் பிந்தி வருவதுதான் கணக்குத் தெரிந்தவன் செய்யும் காரியம்.

எந்த எண் கட்டும், எந்த எண் கட்டாது என்பதில் ஒரு ஒழுங்கும் தெரிகிறது. வட்டமான எண்ணை யாரும் உண்மையாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று மணி என்றால் மூன்றுக்கும் நாலுக்கும் இடையே எங்கேயோ. ஆனால் கொழும்புக் கோட்டையிலிருந்து பொடி மெனிக்கே ரயில் காலை 5.55க்குப் புறப்படும் என்றால், அந்த ஐம்பத்தைந்தின் உடைசல் நம்மை உதைத்து எழுப்புகிறது. ஆறு என்று போட்டிருந்தால் பாதிப் பேர் வண்டியைத் தவறவிட்டிருப்பார்கள். முகூர்த்தத்தின் 9.12க்கும் அதே பலம். யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையை அந்த உடைந்த எண் தருகிறது. கூட்டம் நடத்துகிறவர்கள் ஒருதடவை பி.ப. 3.07 என்று அச்சிட்டுப் பார்க்கலாம். எங்கள் வாசிகசாலைக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு 3.00 என்றே போட்டார்கள்.

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பதினைந்து நிமிடம் வேகம். அப்பா வைத்தது. பெரட்டுக்குப் பிந்தக் கூடாது என்று வைத்தார், பிறகு எங்கள் பாடசாலைக்கும் அதுவே பயன்பட்டது. அது பொய் சொல்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பதினைந்தைக் கழித்துத்தான் பார்ப்போம். அப்படியும் ஆறரை என்று காட்டும்போது வயிற்றில் ஒரு பிசைவு வரும். கழித்தது மூளை, பிசைந்தது வயிறு. அப்பா போன பிறகு ஒருநாள், கைபேசி காலத்தில் இதென்ன என்று நான் ஏணி போட்டு ஏறி, அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். அம்மாவிடமும் சொன்னேன். சரி என்றார்.

மறுநாள் காலை கிளினிக்குக்குப் போக 6.45 பஸ். அம்மா சுவரைப் பார்த்தார், 6.40. வழக்கம்போலப் பதினைந்தைக் கழித்தார், நிதானமாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டார். பஸ் போய்விட்டது. அடுத்தது எட்டேகாலுக்கு. திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஏணியை எடுத்து வரச் சொன்னார்.

"எவ்வளவு பாட்டி கூட்டி வைக்க, பதினஞ்சா?"

"இருவது வையி" என்றார் அம்மா. "இந்தப் பஸ்காரன் இப்ப முந்தி வாறான்."